எண்பது சதுர அடியும் ஒரு மீனும்

ஆர்விட் நைகார்ட் வீட்டில் அளவு நாடா கிடையாது. தேவையில்லை என்பது அவர் கட்சி. அவருடைய பாதம் குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை சரியாகப் பன்னிரண்டு அங்குலம். பதினேழு வயதில் ஒரு செருப்புக் கடைக்காரர் இதை அளந்து சொன்ன நாள் முதல், கடவுள் தன்னை அளவுகோலோடு படைத்து அனுப்பியிருக்கிறார் என்றே நம்பி வாழ்ந்துவிட்டார். நாய்க்குக் கூண்டு, மனைவிக்கு அலமாரி, உறைந்த ஏரிமேல் நிறுத்தி மீன் பிடிக்கிற மரக்குடில், எல்லாமே அவர் அடிமேல் அடி வைத்து அளந்து கட்டியவை. அலமாரிக் கதவு மட்டும் சரியாக மூடாது. அது வீட்டின் கோணல் என்பார்.

முப்பத்தோரு வருடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில் பண்ணை பண்ணையாகப் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி மார்லிஸுக்கு ஊர் நூலகத்தில் வேலை. பெற்ற பிள்ளைகள் இரண்டும் தூரத்து நகரங்களுக்குப் போய்த் தொலைபேசியில் மட்டும் பாசம் காட்ட ஆரம்பித்த பிறகு, பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தைகளை வைத்து வளர்க்கும் வீடாகத் தங்கள் வீட்டைப் பதிவு செய்துகொண்டார்கள். அப்படி மாவட்ட அலுவலகம் அனுப்பி வந்தவர்கள்தான் பத்து வயது டெலைலாவும் அவள் தம்பி கோல்பியும். வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஆளுக்கொரு கட்டில்.

அதில்தான் சிக்கல். அக்காவும் தம்பியுமே ஆனாலும், ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுப்பது ஆறு வயது வரைதான் செல்லும் என்பது எங்கள் மாவட்டத்து விதி. பிப்ரவரி இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, கோல்பிக்கு ஆறு பிறக்கிறது. அதற்குள் அவனுக்கென்று தனி அறை வேண்டும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு கதவு, குளிர் காக்கும் சூடு, அலமாரியைக் கணக்கில் சேர்க்காமல் எண்பது சதுர அடி தரை. இல்லையென்றால் நாற்பது மைல் தள்ளி வேறொரு வீட்டில் அவனுக்கு ஒரு கட்டில் தயாராக இருக்கிறது. விதியை எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அவர் வீட்டில் எத்தனை அறை என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

விஷயம் கோல்பிக்குத் தெரியாது. அவனிடம் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அவன் பாட்டுக்குப் பெட்ரோல் பங்க்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பனி தள்ளும் வண்டிக்காரர் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சனிக்கிழமை தனக்கு ஆறு வயது என்று அறிவித்துக்கொண்டு திரிந்தான். டெலைலாவுக்குத் தெரியும். மேஜையின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது அவளுக்குக் கைவந்த வித்தை. அவ்வளவு அலுவலகங்களில் உட்கார்ந்து பழகிய குழந்தை அவள். பிறந்தநாளைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று மார்லிஸிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். மார்லிஸ் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவப் போய்விட்டாள்.

குழந்தைகளின் அறைக்கு அடுத்தாற்போல், வீட்டின் பின்கோடியில் ஓர் அறை உண்டு. குளிர் அறை என்று அதற்குப் பெயர். மான்கறி நிறைத்த உறைபெட்டி, தூண்டில்கள், காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்கள் எல்லாம் அங்கேதான். சுவரில் நான்கடி நீளத்துக்கு ஒரு மஸ்கி மீன், வாயைப் பிளந்தபடி. ஆர்விட் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பிடித்துப் பாடம் செய்து மாட்டியது. அது கண்ணாடிக் கண்ணால் பார்க்கிற பார்வை பிடிக்காமல் மார்லிஸ் அந்த அறைக்குள் போவதே இல்லை. கோல்பிக்கோ அந்த மீன்மேல் உயிர். தினமும் பள்ளிக்குப் போகுமுன் கதவைத் திறந்து அதற்குக் கையாட்டிவிட்டுத்தான் போவான்.

அந்த அறையைப் படுக்கையறை ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஆர்விட் வாய்விட்டுவிட்டார். சூட்டுக்குக் குழாய் இழுத்து வைத்தாயிற்று. சாமான் அறையைச் சூடாக்க என்ன அவசியம் என்று மார்லிஸ் அதை இன்னும் திறந்துவிடவில்லை. திங்கட்கிழமை ஆர்விட் உறைபெட்டியைக் கொட்டகைக்குத் தள்ளி, அறையைக் காலி செய்து, அளக்க நின்றார். அறைக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. வீட்டுக்குள் பூட்ஸ் கால் பட்டால் தொலைத்துவிடுவேன் என்கிற மார்லிஸின் சட்டம் குளிர் அறைக்கு மட்டும் பொருந்தாது; அங்கே காலுறையோடு நின்றால் விரல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கம்பளி வைத்துத் தைத்த பனி பூட்ஸோடு, குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். நீளம் ஒன்பது அடி. அகலம் எட்டடி. எழுபத்திரண்டு. மறுபடி நடந்தார். எழுபத்திரண்டு. மூன்றாம் தடவை, கூடினாலும் கூடும் என்று கொஞ்சம் தயவாக நடந்து பார்த்தார். கூடவில்லை.

எட்டு சதுர அடி பற்றாக்குறை. வேறு யாராக இருந்தாலும் மனைவியிடம் சொல்லியிருப்பார்கள், அல்லது மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள். ஆர்விட் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது ஒரு வியாதி. தலையில் இடி விழுந்தாலும், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தலையைத் தடவிக்கொண்டு போவார்கள். சாப்பாட்டு மேஜையில் மார்லிஸ் அறை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது என்று அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சுவரில் அடித்திருந்த பலகைகளை உரித்தெடுத்தார். பலகையும் அதற்குப் பின்னால் இருந்த சட்டமும் போனதில் அறை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விரிந்தது. தாராளமாகக் கணக்குப் போட்டால் மூன்று சதுர அடி தேறியது. இன்னும் ஐந்து வேண்டும். அந்த ஐந்து சதுர அடிக்காக அவர் அன்று முழுக்க அறையின் நடுவில் கைகட்டி நின்றார். மீன் அவரைப் பார்த்தது. அவர் மீனைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்த டெலைலா குளிர் அறை வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் சுவர்களைப் பார்த்தாள்.

"எத்தனை குறையுது?" என்றாள்.

"எது?"

"நீங்க பலகையெல்லாம் உரிச்சுப் போட்டிருக்கீங்க. சும்மா யாரும் உரிக்க மாட்டாங்க."

மனைவியிடம் சொல்லாததை, அலுவலகத்துக்குச் சொல்லாததை, ஆர்விட் பத்து வயதுப் பெண்ணிடம் சொன்னார். ஐந்து.

அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, பலகைக் குவியலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள். இதற்கு முன்னால் ஒரு தடவை அவளையும் கோல்பியையும் வெவ்வேறு வீட்டில் வைத்திருந்தார்கள்.

"ரெண்டு நாள்தான்னாங்க. ஏழு மாசம் ஆச்சு. திரும்பப் பாக்கறப்ப அவனுக்கு மூணு வயசு. என்னை யாருன்னு கேட்டதுக்கு, ஒரு அக்கான்னான்."

முப்பத்தோரு வருடத்தில் ஆர்விட் லாரி ஓட்டாத பனிப்புயல் கிடையாது. இந்த ஒரு வாக்கியம் அவரை நிற்க முடியாமல் செய்தது. அவரும் பலகைமேல் உட்கார்ந்தார்.

"என் ரூம்தான் அவ்ளோ பெரிசா இருக்கே," என்றாள் டெலைலா. "என்கிட்டருந்து ஒரு அடி எடுத்துக்கங்க."

இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அதை டெலைலாவின் பக்கம் ஓரடி தள்ளிப் போட்டால், ஒன்பதடி நீளத்துக்கு ஒன்பது சதுர அடி லாபம். ஆர்விட் மூன்று நாள் நின்று யோசித்து வராதது அவளுக்கு மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. அவர் அவளுக்குக் கை கொடுத்தார். அவளும் ஒப்பந்தம் போட்டவளைப்போல அழுத்திக் குலுக்கினாள்.

சுவரைத் தள்ளிப் போட வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை மார்லிஸ் நூலகத்துக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் போன கையோடு ஆர்விட் கடப்பாரையை எடுத்தார். அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிற சுவரா என்று பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது: ஒரு கட்டையை உருவிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பது. கூரை அசையவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவர் முழுக்க ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பின்கட்டுப் பனியில் கிடந்தது. திட்டம் தெளிவாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் புதுச் சுவருக்குச் சட்டம் நிறுத்திவிடலாம். மாவட்ட ஆய்வாளர் கார்லீன் வருவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. ஆர்விட் நிம்மதியாக உட்கார்ந்து கடுகுச் சாந்து தடவிய பிஸ்கட்டில் சீஸும் புகைபோட்ட இறைச்சித் துண்டும் வைத்துத் தின்றார்.

மூன்றேகாலுக்கு மார்லிஸின் கார் வந்தது, குழந்தைகளோடு. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இன்னொரு கார் வந்தது. வெள்ளிக்கிழமை பெரும் பனி கொட்டும் என்று வானொலியில் சொன்னார்களாம். அதனால் கார்லீன் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டாள்.

கார்லீன் நல்ல பெண். ஆனால் படிவத்துக் கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்து எழுத மாட்டாள். வாசல் மிதியடியில் பூட்ஸைக் கழற்றி, வாத்துப் படம் போட்ட காலுறையோடு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்து, கோல்பிக்கு வரப்போகும் புது அறையின் கதவைத் திறந்தாள். அந்தக் கதவிலிருந்து பார்த்தால் டெலைலாவின் கட்டில் தெரிந்தது, கோல்பியின் கட்டில் தெரிந்தது, அதற்கும் அப்பால் டெலைலாவின் அறைக் கதவு தெரிந்தது. அந்தக் கதவில் மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

கார்லீன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமல் நின்றாள்.

"ஆர்விட், எழுதறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன். இங்க ஒரு சுவர் இருந்துதே?"

"இருக்கு."

"எங்க?"

"வெளிய. பனியில."

"மூணாவதா ஒரு ரூம் பண்ணித் தர்றேன்னீங்க. எண்ணிப் பாத்தா ரெண்டுதான் இருக்கு. மூணாவது ரெண்டாவதைத் தின்னுடுச்சு."

எழுபத்திரண்டு, எட்டு குறைவு, பலகை, மூன்று, ஐந்து, ஓரடி என்று ஆர்விட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி மார்லிஸ் கேட்டது கல்யாணத்தன்றுதான். கார்லீன் முழுக்கக் கேட்டுவிட்டு ஃபைலைப் பிரித்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தாள். வீட்டைப் பதிவு செய்த சமயத்தில், நாலு வருடத்துக்கு முன்னால், அவளே வரைந்த வீட்டுப் படம்.

"அப்பவே எல்லா ரூமையும் அளந்துட்டேன். பின்னாடி ரூம் எண்பத்து நாலு. அதனாலதான் நீங்க இதைப் படுக்கையறை ஆக்கறேன்னப்ப நான் ஒண்ணும் கேக்கல."

அப்படியென்றால் நாடா தப்பு என்றார் ஆர்விட். கார்லீன் பையிலிருந்து எஃகு நாடாவை எடுத்து டெலைலாவிடம் கொடுத்தாள். டெலைலா தரையில் மண்டியிட்டு ஆர்விட்டின் பூட்ஸை அளந்தாள். பதிமூன்று அங்குலம். பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பாதத்தை அளந்தாள். பன்னிரண்டு. மறுபடி பூட்ஸை அளந்தாள். நாடா படக்கென்று சுருண்டு உள்ளே போன சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

முதலில் மார்லிஸ்தான் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாதிச் சிரிப்பு அழுகையாகிற வரை சிரித்தாள்.

"ஏன் மனுஷா," என்றாள், "ஒரு சுவரைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

கார்லீன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சனிக்கிழமை தெரியும். குழந்தைகள் காதில் விழாத குரலில் அவள் ஆர்விட்டிடம் சொன்னாள்:

"நான் பாக்கறப்ப இங்க ஒரு சுவர் நின்னா, நின்னுதுன்னு எழுதுவேன். நிக்கலேன்னா நிக்கலேன்னுதான் எழுதணும். வேற மாதிரி எழுத எனக்குத் தெரியாது."

காதில் விழாது என்று நினைத்தது அவள் தப்பு. டெலைலா போய்க் கோல்பியின் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த ஆர்விட்டுக்குத் தன்னையே இரண்டு அறை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. பதிமூன்று அங்குலப் பூட்ஸாலேயே.

அப்போது வானம் உதவிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த பனியும் கார்லீனைப் போலவே முன்னதாகக் கிளம்பி வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கார்லீன் இன்று இரவு எங்கும் போக முடியாது என்று ஆயிற்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், ஃபைலை மூடினாள். தன் ஆய்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றும், சாலை திறந்த பிறகுதான் ஆரம்பிக்கும் என்றும் அறிவித்தாள். தான் ஆய்வு செய்ய வேண்டிய சுவரில் தானே ஆணி அடிப்பது தவறு, ஆனால் ஒருவர் அடிக்கும்போது கட்டை சாயாமல் பிடித்துக்கொள்வது ஆணி அடிப்பதாகாது என்றும் சொன்னாள். கோட்டைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள்.

பனியில் புதைந்துவிட்ட சுவரை ஐந்து பேரும் போய்த் தோண்டியெடுத்தார்கள். கோல்பிக்கு அதைவிடப் பெரிய திருவிழா இல்லை. கட்டை எடுத்தாலும் ஆணி எடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் கத்தினான். சுவர் தன் பழைய இடத்துக்கே போயிற்று, பழைய ஆணி ஓட்டை தெரிகிற அதே கோட்டுக்கு. ஆர்விட் அளக்கக் குனிந்தபோதெல்லாம் டெலைலா நாடாவை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாவது வாங்கிக்கொண்டார். மார்லிஸ் சுட்ட இறைச்சி சாஸேஜ்களைத் தின்றுவிட்டு எல்லோரும் படுத்தார்கள். கார்லீனுக்குக் கூடத்துச் சோபா.

வெள்ளிக்கிழமை பள்ளி கிடையாது, பனி. சட்டங்களுக்கு நடுவில் குளிரும் சத்தமும் தடுக்கிற கண்ணாடிப் பஞ்சு அடைக்கிற நேரம் வந்தது. அடைத்துவிட்டு இரண்டு பக்கமும் அட்டைப்பலகை அடித்துவிட்டால் சுவர் முடிந்தது. ஆர்விட் இளஞ்சிவப்புப் பஞ்சை வெட்டி அழுத்திக்கொண்டே வந்து, டெலைலாவின் கட்டில் தலைமாடு வரும் இடத்துக்கு வந்தபோது அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"அந்த இடத்துல மட்டும் வெக்காதீங்க."

"குளிருமே, பொண்ணே."

"குளிராது, நடுவுலதானே இருக்கு. பஞ்சு வெச்சா அவன் சத்தம் எனக்குக் கேக்காது."

ஆர்விட் கார்லீனைப் பார்த்தார். கார்லீன் படிவத்தை மேலிருந்து கீழ்வரை, பின்பக்கமும் திருப்பி, விரல் வைத்துப் படித்தாள். பஞ்சுக்குக் கட்டம் இல்லை என்றாள். ஆர்விட் வெட்டி வைத்திருந்த துண்டை மடித்து மூலையில் வைத்துவிட்டு அட்டைப்பலகையை அடித்தார்.

கடைசியாக மிஞ்சியது மீன். அது கூடத்துக்கு வரக்கூடாது என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். இந்த அறையிலேயே இருக்கட்டும் என்று ஆர்விட் அதைத் தூக்கிப் புதுச் சுவரில் பிடித்துக் காட்டினார். வழக்கமாகக் குதிக்கிறவன் கோல்பி. இன்று குதிக்கவில்லை. வாசலில் நின்று, கார்லீனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அது பொண்ணா, பையனா?"

அந்த அளவு பெரிய மஸ்கி என்றால் பெண்தான் என்று ஆர்விட் பெருமையாகச் சொன்னார். கோல்பியின் வாய் கோணிக்கொண்டது.

"அப்ப அது என்கூட இருக்கக் கூடாது. நாளைக்கு எனக்கு ஆறு."

மீனைப் பிடித்தபடியே ஆர்விட் அசையாமல் நின்றார். மார்லிஸ் துணி மடிப்பதை நிறுத்தினாள். டெலைலா தம்பியிடம் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றான் கோல்பி. "நீ தூக்கத்துல பேசுவ. அதனாலதான் எல்லார்கிட்டயும் எனக்கு ஆறு வயசுன்னு சொன்னேன். யார்கிட்டயாவது ஒரு ரூம் மிச்சம் இருக்கும்ல. பஸ் ஓட்டறவர் கராஜ் இருக்குன்னார். ஆனா உன்னையும் சேத்துக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அந்த வீட்டில் அப்போது கண் கலங்காத ஒரே ஜீவன் மீன்தான். தன்னை முந்திக்கொண்டு ஊரெல்லாம் அறை தேடியிருக்கிறான் ஐந்து வயதுப் பயல், அதுவும் வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேட்டிருக்கிறான் என்று நினைத்தபோது ஆர்விட்டுக்குத் தன் அறுபத்து மூன்று வயதை நினைத்து அவமானமாக இருந்தது. டெலைலா தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் மூச்சு முட்டுகிறது என்று புகார் செய்தான்.

கார்லீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டியவளாக, விதியை எடுத்து வாசித்தாள். அதில் குழந்தைகள், பெரியவர்கள், வளர்ப்பு நாய்கள் பற்றியெல்லாம் இருந்தது. உயிரில்லாதவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகையால் மீன் எந்த வயதில் எந்தப் பாலாக இருந்தாலும் கோல்பியோடு இருக்கத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். கோல்பி அதை எழுதித் தரச் சொன்னான். அவளும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கட்டத்துக்கு வெளியே அவள் எழுதி நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மணிக்குப் பனி தள்ளும் வண்டி வந்து சாலை திறந்தது. கார்லீன் வாசலுக்குப் போய், மணி அடித்து, புதிதாக வருகிறவளைப்போல உள்ளே வந்து, ஆய்வை ஆரம்பித்தாள். ஜன்னல் இருந்தது. கதவு இருந்தது. சூடு இருந்தது. சுவர் நின்றது. நாடாவின் ஒரு முனையை டெலைலா பிடிக்க, அறை எண்பத்தைந்து சதுர அடி வந்தது. ஆர்விட் நாலு நாள் முதுகொடிய உழைத்ததில் வீட்டுக்குக் கிடைத்த லாபம், பலகை உரித்த வகையில், ஒரே ஒரு சதுர அடி. அதை மார்லிஸ் இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.

சனிக்கிழமை கேக் வெட்டினார்கள். பேருந்து ஓட்டுநர் ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தனுப்பி, கராஜ் காலியாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லியனுப்பினார். டெலைலா ஆர்விட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிறந்தநாள் அவருக்கு இல்லையென்றாலும். உள்ளே அளவு நாடா. கார்லீனுடையது. அலுவலகத்தில் தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொள்வதாகக் கார்லீன் சொன்னாளாம்.

அன்று முதல் கோல்பி தன் அறையில் தனியாகப் படுத்தான். பயப்படுவான் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவனோ கதவைச் சாத்திக்கொண்டு, மீனும் தானும் உறங்கப் போவதாக அறிவித்துவிட்டுப் போனவன், காலையில்தான் வெளியே வந்தான். டெலைலாதான் முதல் இரண்டு நாள் சரியாகத் தூங்காத கண்ணோடு பள்ளிக்குப் போனாள். கேட்டதற்கு, அவன் மூச்சு விடுவது சுவரில் நன்றாகக் கேட்கிறது என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்விட் கொட்டகையில் இருந்தார். டெலைலா பள்ளிப் பையோடு நேராக அங்கே வந்தாள்.

"அந்தப் பஞ்சு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அந்த இடத்தையும் அடைச்சிடலாமா? அவன் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு மீனுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறான். ஒரே பாட்டு. மீன் தப்பாப் பாடுதுன்னு மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிக்கறான். என்னால தாங்க முடியல, ஆர்விட்."

ஆர்விட் அவளைப் பார்த்தார். பதினான்கு மாதத்தில் அவள் தம்பியைப் பற்றி ஒரு குறை சொல்லி அவர் கேட்டதில்லை. குறை சொன்னால் யாராவது அவனைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயந்த பெண் அவள். இப்போது புருவத்தை நெரித்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, ஊரில் எந்த வீட்டு அக்காவும் போல நின்றாள். அவருக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் சுத்தியலை எடுத்தார். ஒரு பக்கத்து அட்டைப்பலகையைக் கழற்றினால் போதும், பத்து நிமிட வேலை என்றார்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"ஆர்விட்," என்றாள் மார்லிஸ், "அதைக் கீழ வை."

அவர் கீழே வைத்தார். டெலைலா பெருமூச்சு விட்டு, போகட்டும், சுவரிலேயே தட்டித் திட்டிக்கொள்கிறேன் என்று வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவரை ஓங்கித் தட்டும் சத்தம் கொட்டகை வரை கேட்டது. அதைத் தொடர்ந்து அந்தப் பாட்டு, முதலிலிருந்து.